மலை வண்டிக்கு டூட்டி சீட்டு

எங்கள் டிப்போவில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். சீடர்தான் மேனேஜர். குரு, அவருக்குக் கீழே வேலை பார்த்த டைம் கீப்பர். கேட்கிறவர்களுக்குத் தலைகீழாகத் தோன்றும். எங்களுக்குப் பழகிவிட்டது.

மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் பஸ் டிப்போவுக்கு மாற்றலாகி வந்த முதல் நாள், மேனேஜர் இளம்பரிதி எல்லார் முன்னாலும் டைம் கீப்பர் தவசிமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நான் இங்க புதுசு. இனிமே நீங்கதான் எனக்கு குரு" என்றார். ஆபீசர்கள் முதல் நாள் இப்படி ஏதாவது சொல்வார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். டிப்போக்காரர்கள் மறப்பார்களா? அன்றிலிருந்து தவசிமுத்துவுக்குக் 'குருநாதர்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் ஒரே வயது, நாற்பத்தைந்து.

நான் மெகருன்னிசா. அதே ஆபீசில் அசிஸ்டென்ட். சர்க்குலர் அடிப்பது, சீல் வைப்பது, ஃபைல் பார்ப்பது என் வேலை. நடந்த விஷயத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என்னைக் கேட்க வேண்டியதில்லை.

எந்த டிரைவர் எந்த வண்டியில் போக வேண்டும் என்று சார்ட் போடுவது தவசிமுத்து. பேனாவால் எழுதி, மதியம் பன்னிரண்டு மணிக்கு ஜன்னல் பக்கத்தில் ஒட்டுவார்; மறுநாள் மதியம் வரைக்கும் அதுதான் டூட்டி. அவருக்கு முன்னால் இருந்தவர் பிரியாணிப் பொட்டலத்தைப் பார்த்து டூட்டி போட்ட ஆசாமி. வாங்கிக் கொடுத்தவனுக்கு டவுன் வண்டி, கொடுக்காதவனுக்கு மலை வண்டி. தவசிமுத்து அடுத்தவர் காசில் டீ கூடக் குடிக்க மாட்டார். ஆனாலும் அந்த ஜன்னலுக்கு விழுந்த பேர் போகவில்லை. மலை வண்டி விழுந்தவன் எல்லாம் அவரை முணுமுணுவென்று திட்டிக்கொண்டேதான் ஏறுவான்.

இளம்பரிதி இதை ஒழித்துக்கட்ட நினைத்தார். நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். இனிமேல் டூட்டியைக் கம்ப்யூட்டர் போடும். எல்லா டிரைவரும் சுற்று முறையில் எல்லா ரூட்டுக்கும் போவார்கள். நடுவில் மனுஷக் கையே கிடையாது.

தொடங்குவதற்கு முன்னால் அவர் தவசிமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்கத்தான் செய்தார்.

"இதுல ஏதாவது சிக்கல் வருமா?"

"என்னோட பழைய சார்ட்டை எடுத்து வச்சுக்கிட்டு ஒரு வாரம் என்கூட உட்காருங்க சார். அப்புறம் ஆரம்பிக்கலாம்."

"எதுக்கு ஒரு வாரம்?"

"யாருக்கு எதுக்கு எந்த வண்டின்னு பார்க்கலாம்."

"ஒரு வாரம்னு விட்டா அது ஒரு வருஷமாயிடும், தவசிமுத்து. உங்க அனுபவத்தை நான் ரொம்ப மதிக்கிறேன்."

மதிக்கிறேன் என்று ஆபீசர் சொன்னால் பேச்சு முடிந்தது, எழுந்து போகலாம் என்று அர்த்தம். தவசிமுத்து எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் சர்க்குலர் அடித்தேன். 'கணினி ஒதுக்கிய பணியை எவரேனும் கையால் மாற்றினால் உடனடியாகத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுவர்.' ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன். அடிக்கும்போது எனக்கு ஒரு மனுஷன் ஞாபகம் வந்தார். வந்தும் வாயைத் திறக்கவில்லை.

அந்த மனுஷன் டிரைவர் சவரியப்பன். ஐம்பத்தைந்து வயது. இருபத்தேழு வருஷ சர்வீஸ். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் வண்டியை உள்ளே கொண்டுவந்தவர், கேட் தூணிலேயே இடித்துவிட்டார். அத்தனை பெரிய தூண். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து சார்ட்டில் அவருக்குக் காலை டூட்டி, சமவெளி ரூட், நாலு மணிக்குள் வீடு. தவசிமுத்து எதுவும் சொல்லவில்லை, சவரியப்பனும் கேட்கவில்லை. மற்ற டிரைவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் அவருடைய மலை முறையைத் தாங்கள் எடுத்துக்கொண்டார்கள். சர்க்கார் உத்தியோகத்தில் சில விஷயங்கள் இப்படித்தான் நடக்கும். எழுத்தில் இருக்காது, எல்லாருக்கும் தெரியும்.

புது முறை வந்து பதினோரு நாள் பிரமாதமாக ஓடியது. பத்து வருஷமாக மலையே கதி என்று கிடந்த பையன்களுக்கு டவுன் வண்டி கிடைத்தது. மேனேஜருக்கு மாலை போடாத குறைதான். தலைமை ஆபீசிலிருந்து திங்கட்கிழமை ஆட்கள் பார்க்க வருவதாக இருந்தது.

பன்னிரண்டாவது நாள் மதியம் கம்ப்யூட்டர் சார்ட்டைத் துப்பியது. 3.20 மலை வண்டி. டிரைவர் சவரியப்பன்.

அவர் ஜன்னலுக்கு வந்தார். "மலையா?"

"மலைதான்" என்றார் தவசிமுத்து.

"சரி."

"லீவு போடுறீங்களாண்ணே?"

"முந்தின நாளே கேட்டாத்தான் லீவாமே இப்ப."

அவ்வளவுதான் பேச்சு. கார்த்திகை மாசம். மலையில் நாலரைக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிடும். அதற்குள் மேலே ஏறிவிடலாம், ராத்திரித் தங்கல் அங்கேதான் என்று சவரியப்பன் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஆனால் டயர் மாற்றியதில் வண்டி கேட்டைத் தாண்டும்போது மூன்றே முக்கால்.

தவசிமுத்து கேட்டிலேயே நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் இடத்திலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேகம் உச்சியை மூடியது. அப்புறம் பாதி மலையை மூடியது. அவர் விறுவிறுவென்று மேனேஜர் அறைக்குள் போனார். நானும் எழுந்து பின்னாலேயே போனேன்.

"சார், 3.20 மலை வண்டிக்கு டிரைவர் மாத்தணும்."

"ஏன்?"

"கண்ணு தெரியாது சார்."

"யாருக்கு?"

"சவரியப்பனுக்கு. பகல்ல தெரியும். வெளிச்சம் மங்கினா தெரியாது."

இளம்பரிதி நாற்காலியிலிருந்து எழுந்தார். "எத்தனை பேர் இருக்காங்க வண்டியில?"

"முப்பத்தெட்டு."

"நிறுத்தச் சொல்லுங்க! கண்டக்டருக்கு போன் போடுங்க!"

கண்டக்டர் கொம்பையாவின் போனுக்கு நான் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மலை ஏறினால் சிக்னல் கிடையாது. அடிவாரத்து வனத்துறை செக் போஸ்டுக்குப் போட்டேன். எடுத்தவர் சாவகாசமாகச் சொன்னார், "இப்பத்தானம்மா மேல போச்சு. பத்து நிமிஷம் ஆகியிருக்கும்."

செக் போஸ்டுக்கு மேலே இருபத்திரண்டு வளைவு. இடது பக்கம் முழுக்கப் பள்ளம்.

அன்று ரூட் இல்லாமல் ஸ்பேரில் இருந்த டிரைவர் லிங்கதுரை. ஓய்வறையில் படுத்திருந்தவரை மேனேஜரே ஓடிப்போய் எழுப்பினார். "ஜீப்பை எடு. போய் மலை வண்டியைப் பிடிச்சு நீ ஓட்டு."

லிங்கதுரை எழுந்து சட்டையை மாட்டினார். "டூட்டி சீட்டு குடுங்க சார்."

"அவசரம்யா!"

"அவசரம்னுதான் கேட்கறேன். என் பேர்ல சீட்டு இல்லாம அந்த ஸ்டியரிங்கைத் தொட்டு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் எதுக்கு அந்த வண்டியில ஏறினேன்னு கேட்பாங்க. என் பொண்டாட்டி பிள்ளை நடுத்தெருவுல நிக்கும். உங்க சர்க்குலர் தலைமாட்டுலயே ஒட்டியிருக்கு, பாருங்க."

கோபம் வந்ததே எனக்கு! ஆனால் லிங்கதுரை சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. டூட்டி சீட்டு இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியைத் தொட மாட்டான். எங்கள் பிழைப்பில் அதுதான் அரிச்சுவடி.

இளம்பரிதி கம்ப்யூட்டரிடம் ஓடினார். திரையில் 3.20 வண்டியைத் தொட்டார். 'புறப்பட்ட வண்டிக்கு மாற்றம் அனுமதி இல்லை' என்று வந்தது. மறுபடி தொட்டார். மறுபடி அதே. அந்தப் பூட்டைக் கேட்டு வாங்கியதே அவர்தான். திறக்க வேண்டுமானால் தலைமை ஆபீசில் ஒருவர் திறக்க வேண்டும். அவர் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்கள்.

சுவர்க் கடிகாரம் நாலு இருபது.

தவசிமுத்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். பேனாவால் எழுதினார். வண்டி எண், ரூட், சவரியப்பனுக்குப் பதில் லிங்கதுரை, தேதி, நேரம். எழுதி மேனேஜர் முன்னால் வைத்து, பேனாவையும் பக்கத்தில் வைத்தார்.

"கையெழுத்து, சார்."

இளம்பரிதி தாளைப் பார்த்தார். "இதுல நான் போட்டா..."

"ஆமா சார்."

"திங்கட்கிழமை அவங்க வர்றாங்க."

"ஆமா சார்."

"முதல் ஆளா நானே மீறினதா ஆகும்."

தவசிமுத்து ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். இப்போது மலையே இல்லை, வெறும் வெள்ளை.

"நீங்க போடலாமே. டைம் கீப்பர் கையெழுத்து போதாதா?"

"பன்னிரண்டு நாளா என் கையெழுத்து செல்லாது சார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், முப்பத்தெட்டு பேரு சார்!" என்று கத்திவிட்டேன். பத்தொன்பது வருஷ சர்வீஸில் மேனேஜர் முன்னால் நான் குரலை உயர்த்தியது அன்றுதான்.

அவர் கையெழுத்துப் போட்டார். நான் சீல் வைத்தேன். அவசரத்தில் சீல் கோணலாக விழுந்தது. லிங்கதுரை சீட்டை வாங்கி, மடித்துப் பைக்குள் வைத்தார். அதன் பிறகு அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே!

ஜீப்பில் நாலு பேர். லிங்கதுரை ஓட்டினார், மேனேஜர் முன்னால், தவசிமுத்துவும் நானும் பின்னால். "பேடை எடுத்துட்டு வாங்க மேடம், சவரியப்பன்கிட்ட வாக்குமூலம் எழுதணும்" என்று மேனேஜர் என்னையும் ஏற்றிக்கொண்டார். எந்த நேரத்தில் என்ன நினைப்பு பாருங்கள்.

நாலாவது வளைவில் பனி எங்களைப் பிடித்துக்கொண்டது. லைட் போட்டும் பத்தடிக்கு மேல் ரோடு இல்லை. லிங்கதுரை தலையை வெளியே நீட்டி ஓட்டினார்.

"எத்தனை பேருக்கு இது தெரியும்?" மேனேஜர் திரும்பாமலே கேட்டார்.

"எல்லாருக்கும்" என்றார் தவசிமுத்து.

"எல்லாருக்கும்னா?"

"கேன்டீன்காரருக்கு. வாட்ச்மேனுக்கு. இதோ ஓட்டுறானே, இவனுக்கு. மேடத்துக்கு."

மேனேஜர் திரும்பி என்னைப் பார்த்தார். "உங்களுக்குமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தெரிஞ்சுதான் சர்க்குலர் அடிச்சீங்களா?"

"ஆமா சார்."

"ஏன் என்கிட்ட சொல்லலை? ஒரு வார்த்தை, ஏன் யாருமே சொல்லலை?"

"சொன்னா அவரு வேலை போயிடும்" என்றார் தவசிமுத்து.

"சொல்லாததால உயிரு போகப் போகுதே!"

எட்டாவது வளைவு. ஒன்பது. பத்தாவது வளைவில் எதிரே இறங்கிய காய்கறி லாரியை லிங்கதுரை கைகாட்டி நிறுத்தினார். "மேல பஸ்ஸைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். ரோட்டு நடுவுல ஊர்ந்துக்கிட்டிருக்கு. நான்தான் பாறையை ஒட்டி ஒதுங்கி வந்தேன். குடிச்சிருக்கானா உங்க டிரைவர்?"

பதிமூன்றாவது வளைவு தாண்டியதும் முதலில் சத்தம்தான் கேட்டது. பஸ் இன்ஜின் முக்குகிற சத்தம். அதற்கு மேலே ஒரு மனுஷக் குரல்.

"வாங்கண்ணே! வாங்க, வாங்க, வாங்க... நேரா!"

சிவப்புப் பின்விளக்கு தெரிந்தது. மேனேஜர் ஜீப் நிற்பதற்குள் குதித்து ஓடினார். நாங்களும் ஓடினோம். பஸ்ஸுக்கு முன்னால் கண்டக்டர் கொம்பையா பின்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தார். கையில் வெள்ளைத் துண்டு. அதை ஆட்டி ஆட்டி வழிகாட்ட, துண்டையே பார்த்துக்கொண்டு பஸ் ஆள் நடக்கிற வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. பாதி ஜனம் இறங்கிப் பாறை ஓரமாக நடந்தது. மீதிப் பேர் உள்ளே ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கொம்பையாவின் கால் ஒரு கல்லில் தட்டியது. அவர் விழுந்தார். துண்டு கீழே போனது. துண்டு தெரியாததும் பஸ் இடது பக்கம் சாய ஆரம்பித்தது.

"வலது! வலது ஒடிண்ணே! வலது!" விழுந்த இடத்திலிருந்தே கொம்பையா கத்தினார்.

முன் சக்கரம் ஓரச் சுவரில் உரசியது. சுவரின் மேல் கல் பெயர்ந்து பள்ளத்துக்குள் போனது. அது கீழே விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்கவே இல்லை.

யா அல்லாஹ்! என் வாயில் வந்தது அது ஒன்றுதான்.

பஸ் நின்றது. லிங்கதுரை டிரைவர் கதவைத் திறந்து பாய்ந்து ஏறி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

சவரியப்பன் இறங்கினார். காலால் படியைத் துழாவித் துழாவி இறங்கினார். மேனேஜர் வந்திருப்பதாக யாரோ சொல்லவும், விறைப்பாக நின்று தவசிமுத்துவுக்கு சல்யூட் அடித்து, "மன்னிச்சிருங்க சார்" என்றார்.

மேனேஜர் அவருக்கு வலது பக்கம் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். யாரும் திருத்தவில்லை.

லிங்கதுரை பஸ்ஸைப் பின்னால் எடுத்து நேராக்கினார். ஜனம் ஏறியது. கொம்பையா முழங்காலில் ரத்தத்தோடு விசில் கொடுத்தார். பஸ் மேலே போய்ப் பனிக்குள் மறைந்தது. நாங்கள் நாலு பேர் மிச்சம். சவரியப்பன் கொஞ்சம் தள்ளி மைல்கல்லின் மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பெரிய மனுஷன் அழுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நான் பேடைத் திறந்தேன், எழுதத் தோன்றாமல் மூடினேன்.

இளம்பரிதி ஜீப்பில் சாய்ந்து நின்றார். வேர்த்து நனைந்திருந்தார், அந்தக் குளிரிலும்.

"தோத்துட்டேன், தவசிமுத்து."

தவசிமுத்து தன் கைக்குட்டையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"நாளையிலேருந்து பழையபடி நீங்களே கையால சார்ட் போடுங்க. கம்ப்யூட்டரை மூடிடறேன். சர்க்குலரைக் கிழிச்சிடறேன். திங்கட்கிழமை வர்றவங்ககிட்ட நானே சொல்லிக்கறேன்."

"வேண்டாம் சார்."

"என்ன வேண்டாம்?"

"என் சார்ட் வேண்டாம்."

மேனேஜர் நிமிர்ந்தார். நானும்தான். தவசிமுத்து இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தார் என்று நான் நினைத்திருந்தேன். டிப்போ முழுக்க அப்படித்தான் நினைத்திருந்தது.

"மூணு வருஷமா வெளிச்சம் இருக்கும்போதே அவரை வீட்டுக்கு அனுப்பினேன் சார். எனக்கு ஏதோ புண்ணியம் பண்ணின நினைப்பு. இந்த மூணு வருஷத்துல அவரு ஒரு தடவை கூட கண் டாக்டர்கிட்ட போகலை. போறதுக்கு அவசியமே வராமப் பார்த்துக்கிட்டது என் பேனாதான். உங்க கம்ப்யூட்டர் பன்னிரண்டு நாள்ல கண்டுபிடிச்சிருச்சு."

குத்திக்காட்டுகிறாரோ என்று மேனேஜர் அவர் முகத்தைப் பார்த்தார். குத்தல் இல்லை. தவசிமுத்துவின் கண் கலங்கியிருந்தது.

"அப்ப கம்ப்யூட்டர்தான் சரிங்கறீங்களா?"

"முப்பத்தெட்டு பேரைப் பணயம் வச்சா சார் கண்டுபிடிக்கறது?"

"பழசும் வேண்டாம், புதுசும் வேண்டாம்னா எப்படிங்க?" மேனேஜரின் குரல் உடைந்தது. "மேலேயிருந்து மாத்து மாத்துன்னு சொல்றான். கீழே யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க. நடுவுல நான் ஒருத்தன் என்னதான் செய்யறது? எதிலேருந்துதான் ஆரம்பிக்கறது? சொல்லித் தொலைங்களேன்!"

தவசிமுத்து மைல்கல் பக்கம் திரும்பினார். அங்கே சவரியப்பன் இன்னும் முகத்தைப் பொத்தியபடியே இருந்தார்.

"அவர்கிட்ட போய், கண்ணு எவ்வளவு தெரியுதுன்னு கேளுங்க சார். எங்கள்ல யாரும் இன்னிய வரைக்கும் கேட்டதில்லை."